நினைவில் நின்ற 31,811 இலக்கங்கள்

அந்தக் காலத்துக் கங்காணிகளைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் எந்த நிரையில் யார் பால் வெட்டுகிறார், யார் எத்தனை நாள் வேலைக்கு வரவில்லை என்பதையெல்லாம் கிராணியின் புத்தகத்தைப் பாராமலே சொல்லிவிடுவாராம். "அவருக்கு அப்படி ஒரு மூளை" என்று சொல்லி நாம் பேச்சை முடித்துவிடுகிறோம். அது பிறவியிலேயே வந்த மூளையா, பழகி வந்த திறமையா?

இதே கேள்வியை அறிஞர்கள் ஒருவரை வைத்து ஆராய்ந்தார்கள். அவர் பெயர் ராஜன் மகாதேவன். சென்னையில் பிறந்து மங்களூரில் வளர்ந்தவர். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் 3.14159 என்று முடிவில்லாமல் நீளும் எண் ஒன்று உண்டல்லவா? 1981ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் மங்களூரில், அந்த எண்ணின் 31,811 இலக்கங்களை அவர் மனத்திலிருந்தே ஒப்பித்தார். கின்னஸ் புத்தகத்தில் பெயர் ஏறியது. நம்மவர்க்கு இது முழுக்கப் புதிதன்று. 1907இல் சென்னையில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்து காட்டி அவையை வியக்க வைத்தார். ஆனால் அவதானிகளைப் பாராட்டினோமே தவிர, அந்த நினைவு எப்படி வேலை செய்கிறது என்று அளந்து பார்த்தவர்கள் குறைவு.

ராஜன் பின்னர் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பயின்றார். அங்கே சார்லஸ் தாம்சன் என்ற பேராசிரியரும் அவருடைய துணைவர்களும் அவரைப் பல ஆண்டுகள் சோதித்து, 1993இல் ஒரு நூலே வெளியிட்டார்கள். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனால் நம்மில் பெரும்பாலோர் ஏழுக்கு மேல் தடுமாறுவோம். ராஜன் நாற்பதையும் தாண்டினார். இது இவருக்கு இயல்பாகவே அமைந்த ஆற்றல் என்பது தாம்சன் குழுவினரின் எண்ணம்.

ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற அறிஞர் அதை ஒப்பவில்லை. அவர் குழுவினர் எண்களுக்குப் பதிலாகச் சில குறியீடுகளை ராஜனுக்குக் காட்டினார்கள். என்ன ஆயிற்று தெரியுமா? நம்மைப் போலவே ஆறோடு நின்றுவிட்டார்! பிறகு ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஓர் எண்ணை மனத்துக்குள் பொருத்திப் பழகி, முப்பது அளவுக்கு உயர்ந்தார். 2004இல் இது வெளியாயிற்று. இதற்கும் முன்பே, 1980இல், சாதாரணக் கல்லூரி மாணவர் ஒருவர் இருநூறு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்து ஏறக்குறைய எண்பது இலக்கங்களை எட்டியிருந்தார். அவர் ஓட்டப்பந்தய வீரர். எண்களை ஓட்ட நேரங்களாக மாற்றி நினைவில் வைத்தார். எங்கள் மனம் எரிக்சன் பக்கமே சாய்கிறது.

இந்த உபாயம் நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. அடையாள அட்டையில் 12 இலக்கங்கள். தனித்தனியாக மனனம் செய்தால் கடினம். முதல் ஆறு பிறந்த நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கிள்ளானில் பிறந்தவர்க்குச் சிலாங்கூரின் 10, பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவர்க்குக் கோலாலம்பூரின் 14 என்று. புதிதாக மனத்தில் ஏற்ற வேண்டியது கடைசி நான்குதான்.

கங்காணிக்கும் நிரையும் முகமும் குடும்பமும் இப்படித்தான் பின்னிக் கிடந்திருக்கும். ஆகவே, வாய்ப்பாடு வராத பிள்ளையைப் பார்த்து "உன் மண்டையில் ஏறாது" என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன், எப்படிப் படித்தான் என்று கேட்க வேண்டும்.

ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் 1885இலேயே இதற்கு ஒரு கணக்குக் கொடுத்தார். பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து தம்மையே சோதித்துக்கொண்டவர் அவர். ஒரே மூச்சில் 68 முறை சொல்லிப் பெற்ற பலன், மூன்று நாட்களில் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே கிடைத்தது. தேர்வுக்கு முன்னிரவு விளக்கெரித்துப் படிக்கும் பிள்ளைகள் கவனிக்க!

அவர் இன்னொன்றும் செய்தார். பைரன் என்ற ஆங்கிலக் கவிஞரின் செய்யுட்களை இளமையில் மனனம் செய்திருந்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், அடியோடு மறந்துபோயிருந்தன. ஆயினும் மறுபடி படித்தபோது, புதிய செய்யுட்களை விட அவை குறைந்த நேரத்தில் மனத்தில் ஏறின. மூன்றாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளியை விட்டு நின்று, இன்று பேரப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டும் தாய்மார்கள், "முன்பு படித்தது எங்கேயோ இருக்கிறது" என்று சொல்வதுண்டு.