லாரி முன் அச்சும் புளியங்குடி எலுமிச்சையும்

இந்தத் தடவை கொஞ்சம் கிரீஸ் வாடை அடிக்கிற பதிவு. லாரியின் முன் அச்சு, ஒர்க்‌ஷாப் பாஷையில் பிரண்ட் ஆக்சில், அதைப் பற்றி. பி.காம் படிக்கிறவனுக்கு ஆக்சிலோடு என்ன வேலை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். விஷயம் இரும்பு இல்லை, விலை.

காயலான் கடையில் ஒரு விசித்திரமான முன் அச்சு கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (காயல்பட்டினத்துக்காரர்கள் இந்த வியாபாரத்தில் இருந்ததால் வந்த பேர் இது என்று நம்ம பக்கம் சொல்வார்கள்.) அது என்னவென்று யாருக்கும் தெரியாவிட்டால் தராசில் ஏறும், உலைக்குப் போகும். யாராவது ஒருவர் தட்டிப் பார்த்து, 'இது இன்ன வண்டியோடது' என்று சொல்லிவிட்டால் அதே இரும்பு 'ஸ்பேர்' ஆகிவிடும். பிறகு கிலோ கணக்கு கிடையாது. நடுவில் இரும்பில் ஒரு மாற்றமும் நடக்கவில்லை, ஒரு ஆளின் மண்டையில் இருந்த தகவல்தான் வெளியே வந்தது.

முதலில் அச்சு எப்படித் திரும்ப ஆரம்பித்தது என்று பார்ப்போம். சங்கரன்கோவில் தேரோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும், தேரின் அச்சு திரும்பாது. முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்துக் கொடுத்துத்தான் அவ்வளவு பெரிய தேரை வீதி முனையில் திருப்புகிறார். (திருவாரூர் ஆழித்தேருக்கே திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் போட்டுக் கொடுத்தது. அப்போதும் முட்டுக்கட்டைக்கு வேலை போகவில்லை.) ஐரோப்பியக் குதிரை வண்டிகளில் அச்சு முழுசாக நடு ஆணியில் சுற்றும், வேகமாகத் திருப்பினால் வண்டி கவிழும். 1817-ல் மியூனிக்கில் வண்டி செய்துகொண்டிருந்த லாங்கென்ஸ்பெர்கர் என்பவர், அச்சு அப்படியே நிற்கட்டும், இரண்டு முனையிலும் சக்கரம் மட்டும் தனித்தனியாகத் திரும்பட்டும் என்று ஒரு வழி செய்தார. லாரியில் இன்றைக்கும் கிங் பின் செய்கிற வேலை அதுதான். 1818-ல் லண்டனில் அதற்குக் காப்புரிமை வாங்கியவர் அவருடைய ஏஜென்ட் ஆக்கர்மன். உலகமே இன்றுவரை ஆக்கர்மன் ஸ்டீயரிங் என்றுதான் சொல்கிறது. செய்தவரை விட்டுவிட்டு விற்றவர் பெயரை ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது. காமர்ஸ் மாணவர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம் :-)

அடுத்த பெரிய தாவல் 1908. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் கிளின்டன்வில் என்ற சின்ன ஊரில், சாக்கோ, பெசர்டிக் என்ற இரண்டு மெக்கானிக்குகள், திரும்பவும் செய்யும், எஞ்சின் சக்தியை வாங்கி இழுக்கவும் செய்யும் ஒரு முன் அச்சுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அதிலிருந்து வந்ததுதான் எஃப்.டபிள்யூ.டி. லாரிக் கம்பெனி. முதல் உலகப்போரில் அந்த லாரிகள் ஆயிரக்கணக்கில் சேற்றில் ஓடின. இந்த வகை அச்சின் இரண்டு முனையிலும் பானை மாதிரி ஒரு உருண்டை இருக்கும். திரும்பும்போதும் சக்தி போகிற மூட்டு அதற்குள்தான் இருக்கிறது. சாதாரண லாரியின் முன் அச்சு வெறும் 'ஐ' வடிவ உத்தரம். உருண்டையும் நடுவில் டிஃபரன்ஷியலும் இருந்தால் அது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியுடையது, பெரும்பாலும் ராணுவத்துடையது.

நம்ம நாட்டுக்கு இவை கூட்டமாக வந்தது இரண்டாம் உலகப்போரில். பர்மா முனைக்காக அமெரிக்க ஜி.எம்.சி. லாரிகளும், கனடாவில் செய்த ஃபோர்டு, செவ்ரலே ராணுவ லாரிகளும் இறங்கின. ஜி.எம்.சி.யின் அந்த ஆறு சக்கர லாரி மட்டும் 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. போர் முடிந்ததும் மிச்சம் இருந்தவை 'டிஸ்போசல்' என்ற பெயரில் ஏலத்துக்கு வந்தன. தனியார் வாங்கி மரம் ஏற்றினார்கள், பாடி கட்டி பஸ் ஓட்டினார்கள். அடையாளத் தலைவலியும் அங்கேயே ஆரம்பம். அதே ஜி.எம்.சி. லாரிக்கே இரண்டு விதமான அச்சு உண்டு. ஒன்று டிம்கன் கம்பெனி செய்தது, நடுக்கூடு இரண்டு பாதியாகப் பிரியும். இன்னொன்று ஜெனரல் மோட்டார்ஸ் செய்தது, பான்ஜோ வாத்தியம் மாதிரி வட்டமாக ஒரே கூடு. வெளியே லாரி ஒன்றுதான், உள்ளே ஒன்றின் சாமான் மற்றதில் ஏறாது. 'ஜி.எம்.சி. ஆக்சில்' என்று மட்டும் சொல்லி வாங்கினவர் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பிறகு நம்ம வண்டிகள். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்டுடன் சேர்ந்து எண்ணூரில் காமெட் லாரி செய்ய ஆரம்பித்தது. 1955-ல் பெயர் அசோக் லேலண்ட் ஆனது. டாடா 1954-ல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு கை கோத்து, 1969 வரை அந்த உறவில் இருந்தது. ஜபல்பூரில் ஜெர்மன் எம்.ஏ.என். உரிமத்தில் ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட சக்திமான் லாரி 1950களின் கடைசியில் வந்து 1996 வரை உற்பத்தியில் இருந்தது. அதற்கும் முன் அச்சில் இழுவை உண்டு. நம்ம பக்கம் உருண்டை வைத்த முன் அச்சு கண்ணில் பட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சக்திமானைத்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பெயர்த் தகடு இருக்காது, இருந்தாலும் பெயிண்ட் மூடியிருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் அடித்து வார்த்த எண் தெரியலாம். ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த துப்பு மரை. பழைய பிரிட்டிஷ் போல்ட்டுகள் விட்வொர்த் மரை, கோணம் 55 டிகிரி. அமெரிக்கனும் மெட்ரிக்கும் 60 டிகிரி. அமெரிக்கன் அங்குலக் கணக்கு, ஜெர்மன் மில்லிமீட்டர் கணக்கு. பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் பொது மரைக்கு ஒப்புக்கொண்டதே 1948-ல்தான். ஆக ஒரு போல்ட்டைக் கழற்றி மரை கேஜ் வைத்தால் நாடும் தெரியும், ஓரளவு காலமும் தெரியும். கல்வெட்டு எழுத்தை வைத்து நூற்றாண்டு சொல்கிற மாதிரிதான் இதுவும். அதற்கப்புறம்தான் டேப்: கிங் பின்னுக்கு கிங் பின் எவ்வளவு, பட்டை உட்காருகிற இரண்டு மேடைக்கும் இடைவெளி எவ்வளவு, சக்கர போல்ட் எட்டா பத்தா, அவை நிற்கிற வட்டத்தின் விட்டம் என்ன. இடப்பக்கம் மட்டும் இடது மரை போல்ட் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிரேக் காற்றா ஆயிலா என்பதும் முக்கியம்.

நிற்க. இப்போது எங்கள் பாடத்துக்கு வருகிறேன். 1970-ல் ஜார்ஜ் அகெர்லாஃப் 'எலுமிச்சைச் சந்தை' என்று ஒரு கட்டுரை எழுதினார். பக்கத்தில் புளியங்குடியில் நடக்கிற அந்த எலுமிச்சை வியாபாரம் இல்லை! அமெரிக்கப் பேச்சில் மக்கர் பண்ணுகிற காருக்கு எலுமிச்சை என்று பெயர். விற்கிறவருக்குச் சரக்கின் குணம் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் எல்லாச் சரக்குக்கும் மட்டமான விலையே கேட்பார்கள், நல்ல சரக்கு சந்தையை விட்டே போய்விடும் என்பது அவர் வாதம். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. 2001-ல் நோபல் கிடைத்தது.

அகெர்லாஃப் கணக்கு இங்கே கொஞ்சம் திரும்புகிறது. முன் அச்சு விஷயத்தில் விற்கிறவருக்கே சரக்கு என்னவென்று தெரியாது, சில நேரம் வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்கும். புதுப்பேட்டை மாதிரி சந்தைகளின் அனுபவ மூலதனமே அதுதான் என்பேன். தெரிந்தவர் வாயைத் திறக்காமல் எடை விலைக்கு எடுத்துப் போவார். ஆகவே விற்கிறவர் செலவு செய்ய வேண்டிய முதல் காசு விளம்பரத்துக்கு இல்லை, கம்பி பிரஷுக்கும் ஒரு பழைய மெக்கானிக்கின் டீக்கும்.

வாங்குகிற ஆட்களும் குறைவு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவு விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்கத் தடை போடுகிறது. சட்டத்தை விடுங்கள், பொருந்தாத முன் அச்சைப் போட்டால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும், சரக்கோடு இறக்கத்தில் வரும்போது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் அதே மாடல் வைத்திருப்பவர், பழைய வண்டியைப் பிரியமாகப் புதுப்பிப்பவர், இவர்கள்தான் நேர்மையான வாடிக்கையாளர்கள். பிரான்சில் நார்மண்டி பக்கம் பழைய ஜி.எம்.சி.களை இன்றும் ஓட்டிக் காட்டுகிற ஆர்வலர்கள் உண்டு. அவர்களுக்கு டிம்கனா பான்ஜோவா என்று எழுதாமல் ஒரு வரி விளம்பரம் போட்டால் பதில்கூட வராது. போட்டோவில் உருண்டை, நடுக்கூடு, மரை, டேப் வைத்த அளவு நாலும் தெரிய வேண்டும்.

அரசு, ராணுவக் கழிவு வண்டிகள் இப்போது பெரும்பாலும் 1964-ல் தொடங்கிய எம்.எஸ்.டி.சி. நிறுவனத்தின் இணைய ஏலத்தில் போகின்றன. அங்கே லாட் கணக்கு, 'உள்ளது உள்ளபடி' விற்பனை. முன்கூட்டியே நேரில் போய்ப் பார்க்க நாள் கொடுப்பார்கள். மரை கேஜ் சட்டைப் பையில் அடங்கிவிடும்.