தூத்துக்குடி மறைமாவட்டம்

தூத்துக்குடி மறைமாவட்டம் தமிழ்நாட்டின் தென்கோடிக் கடலோரக் கத்தோலிக்க மறைமாவட்டங்களுள் ஒன்று. 1923 ஜூன் 12 அன்று திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் முதல் ஆயர், இயேசு சபையைச் சேர்ந்த பிரான்சிஸ் திபூர்சியுஸ் ரோச். தற்காலத்தில் இலத்தீன் வழிபாட்டு முறையில் ஆயரான முதல் இந்தியர் அவரே. 1953இல் மதுரை உயர்மறைமாவட்டம் ஆனபோது தூத்துக்குடி அதன் மாகாணத்தில் சேர்ந்தது.

மறைமாவட்டத்துக்கு வயது நூறுதான் என்றாலும், இங்குள்ள திருச்சபை நானூறு ஆண்டுக்கும் மேல் பழையது. முத்துக்குளிப்பு உரிமை பற்றிய பூசலில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிய, இக்கடற்கரை மீனவரான பரதவர்கள், 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடமாக்கி, ஊர் ஊராக மணியடித்துச் சென்று கற்பித்தார். அவர் தங்கியதாக மக்கள் போற்றும் குகை மணப்பாட்டில் இருக்கிறது.

சவேரியார் விதைத்ததை வேரூன்றச் செய்தவர் அன்றீக்கு அடிகளார் எனப்படும் என்றிக்கே என்றீக்கசு. மொழிபெயர்ப்பாளரை நம்பியிராமல் தாமே தமிழ் கற்று இலக்கணம் எழுதினார். புன்னைக்காயலில் மருத்துவமனை நடத்தினார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் மொழிபெயர்ப்பே. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்று இந்தக் கடற்கரை மக்களுக்காக எழுந்தது என்பதைத் தமிழ் அச்சு வரலாறு பேசுவோர் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். 1600இல் அவர் மறைந்தார்.

1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தனர். குருக்கள் வெளியேற நேர்ந்தது. மக்களைச் சீர்திருத்தச் சபைக்கு இழுக்கும் முயற்சிகளும் நடந்தன. ஆளும் டச்சுக் கம்பெனி எதிரே நின்றபோதும் பரதவர் தங்கள் வேதத்தை விடவில்லை. அந்த உறுதிக்குப் பின்னால் சாதித்தலைவரின் தலைமையும், ஊர்க் கட்டுப்பாடும், மாதா பக்தியும் இருந்தன. தூத்துக்குடியில் இன்றுள்ள பனிமய மாதா கோயில் 1713இல், டச்சு ஆட்சியின்போதே, திறக்கப்பட்டது. 1982இல் பேராலயமாக உயர்ந்தது. அங்குள்ள மாதா சுரூபம் மணிலாவிலிருந்து வந்தது என்பது மரபு.

பேராலயத் திருவிழா ஜூலை 26 கொடியேற்றத்துடன் தொடங்கி ஆகஸ்ட் 5 அன்று நிறைவுறும். பிற சமயத்தாரும் நேர்ச்சையோடு வருவார்கள். 1806இல் முதன்முதல் ஓடிய தங்கத்தேர் ஆண்டுதோறும் ஓடுவதில்லை. சிறப்பு ஆண்டுகளில் மட்டுமே வடம் பிடிக்கப்படும். மணப்பாட்டில் செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழா, உவரியில் அந்தோணியார் கோயில் எனக் கடற்கரையின் ஒவ்வோர் ஊருக்கும் தனி அடையாளம் உண்டு. மீனவ ஊர்களில் கோயில் வழிபாட்டிடமாக மட்டும் இருப்பதில்லை. ஊர்க்கூட்டம் கூடுவதும், வழக்குத் தீர்வதும், ஞாயிறன்று கடலுக்குப் போகாதிருக்கும் கட்டுப்பாடும் அதைச் சுற்றியே அமைந்தவை. கூடங்குளம் அணுஉலைக்கு எதிரான போராட்டம் 2011இல் இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்பு பந்தலிட்டுத் தொடர்ந்ததும் அந்தப் பழக்கத்தால்தான்.

உள்நாட்டுப் பங்குகளின் கதை வேறு. வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட கோயில் சாதிக்கொரு பகுதியாகப் பிரிந்திருந்தது. 1910இல் தடுப்பு இடிக்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்று, தனியிடம் கேட்டோர் தோற்றனர். கோயிலுக்குள் சாதியைக் காத்த அந்த ஏற்பாடு இத்திருச்சபை வரலாற்றின் பெருங்குறை. அதை மறைத்து எழுதுவது தவறு. இதே வடக்கன்குளத்தில்தான் 1745இல் தேவசகாயம் பிள்ளை திருமுழுக்குப் பெற்றார். இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதராக 2022 மே 15 அன்று அவர் உயர்த்தப்பட்டார்.

கல்வியிலும் மறைமாவட்டத்தின் பங்கு பெரியது. 1948இல் தொடங்கிய தூய மரியன்னை கல்லூரி கடற்கரைப் பெண்கள் பலருக்கு உயர்கல்வியை எட்டும் தொலைவில் கொண்டுவந்தது. 2019 முதல் ஸ்டீபன் அந்தோணி ஆயராக இருக்கிறார்.