சாவி கைக்கு வரும்வரை: இங்கிலாந்தில் வாடகை வீடு எடுப்போர் அறிய வேண்டியவை



ஒரு ஜும்ஆ தொழுகைக்குப் பின் சகோதரர் ஒருவர் என்னிடம் வந்தார். மருத்துவமனை வேலைக்காகத் தமிழகத்திலிருந்து இங்கிலாந்து வந்தவர். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உடன் இருந்தனர். பழைய வீட்டை அடுத்த செவ்வாய்க்கிழமை காலி செய்ய வேண்டும். புதிய வீட்டுக்கு முன்பணம் கட்டி மூன்று வாரம் ஆகியும் சாவி வரவில்லை.

"நாளைக்கு ஆயிடும், நாளைக்கு ஆயிடும்னே ஏஜென்ட் சொல்லிக்கிட்டு இருக்கார் ஹஜ்ரத்" என்றார்.

"எந்தத் தேதிக்குள்ள தர்றதா எழுதிக் கொடுத்திருக்கார் தம்பி?" என்று கேட்டேன். எழுத்தில் எதுவுமே இல்லை. எல்லாம் போனில் பேசியதுதான்.

அந்தக் குடும்பம் பத்து நாட்கள் நண்பர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தது. பிறகு வீடு கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தப் பத்து நாள் சிரமத்தில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். நம் குடும்பங்கள் பல ஆண்டுதோறும் அங்கே செல்வதால், இங்கிலாந்துச் சட்டம் இந்த விஷயத்தில் என்ன சொல்கிறது, நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தொகுத்துத் தருகிறேன். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. கீழே உள்ளவை இங்கிலாந்துக்கு மட்டும் உரியவை.

ஏஜென்ட் யாருடைய ஆள்?

முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். லெட்டிங் ஏஜென்ட் வீட்டு உரிமையாளருக்காக வேலை செய்பவர். அவருக்குக் கூலி தருபவர் உரிமையாளரே. நம் ஊர் வீட்டுத் தரகரைப் போல இரு பக்கமும் கமிஷன் வாங்க அவருக்கு அனுமதி இல்லை. 2019 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள வாடகைதாரர் கட்டணச் சட்டம், விண்ணப்பக் கட்டணம், சரிபார்ப்புக் கட்டணம், ஒப்பந்தம் எழுதும் கட்டணம் போன்றவற்றை வாடகைதாரரிடம் வாங்கத் தடை விதித்திருக்கிறது.

ஆகவே, "சீக்கிரம் முடிக்க ஒரு சிறு தொகை கட்டுங்கள்" என்று எவராவது கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

ஹோல்டிங் டெபாசிட்டும் 15 நாள் கணக்கும்

வீடு பிடித்துவிட்டது என்றதும் ஏஜென்ட் கேட்பது ஹோல்டிங் டெபாசிட். நாம் அச்சாரம் என்று சொல்வதுதான் இது. சட்டப்படி இது ஒரு வார வாடகைக்கு மேல் இருக்கக் கூடாது. மாத வாடகை 1300 பவுண்டு என்றால், அதை 12 ஆல் பெருக்கி 52 ஆல் வகுங்கள். ஒரு வார வாடகை 300 பவுண்டு. அதுதான் உச்ச வரம்பு.

இந்தப் பணத்தை ஏஜென்ட் பெற்ற நாளை முதல் நாளாகக் கொண்டு, 15 ஆம் நாள் ஒப்பந்தத்துக்கான கடைசி நாள். 1 ஆம் தேதி பணம் கட்டினால் 15 ஆம் தேதி கெடு. அதற்குள் ஒப்பந்தம் முடியாமல், அதற்குக் காரணம் நாமாகவும் இல்லாவிட்டால், ஒரு வாரத்துக்குள் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். உரிமையாளர் மனம் மாறி வீடு தர மறுத்தாலும் அப்படியே. ஒப்பந்தம் முடிந்தால் நம் சம்மதத்துடன் முதல் வாடகையிலோ டெபாசிட்டிலோ கழித்துக்கொள்ளலாம்.

நான்கு நிலைகளில் மட்டும் அவர்கள் பணத்தை வைத்துக்கொள்ளலாம்: நாமே பின்வாங்கினால், முடிவைப் பாதிக்கும் அளவுக்குத் தவறான தகவல் கொடுத்தால், வாடகைக்கு இருக்கும் உரிமைச் சோதனையில் தேறாவிட்டால், கேட்ட ஆவணங்களைத் தராமல் காலம் கடத்தினால். அப்போதும் ஏன் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 15 நாள் கெடுவை மாற்றலாம். "இன்னும் கொஞ்சம் நாள் ஆகும், சரியா?" என்று வரும் மின்னஞ்சலுக்கு வெறுமனே "சரி" என்று பதில் போடாதீர்கள். எந்தத் தேதிவரை சம்மதம் என்பதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். இரண்டு, ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை சட்டம் நம் பணத்தைத்தான் காக்கிறது. அந்த வீடு நமக்கே கிடைக்கும் என்று அது உறுதி தருவதில்லை.

மார்க்க நோக்கில் ஒரு வார்த்தை

ஃபிக்ஹ் நூல்களில் இத்தகைய அச்சாரம் 'உர்பூன்' எனப்படும். வாங்குபவர் பின்வாங்கினால் பணம் விற்பவருக்கு என்ற நிபந்தனையைப் பெரும்பான்மை இமாம்கள் ஏற்கவில்லை. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் அனுமதித்தார்கள். 1993 இல் புருனையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, காத்திருக்கும் காலத்துக்கு வரையறுத்த தவணை இருந்தால் இது கூடும் என்றும், வாடகை ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும் என்றும் முடிவு செய்தது. தவணை இல்லாத அச்சாரத்தை அவர்கள் அனுமதிக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆவது வசனம், கொடுக்கல் வாங்கலைத் தவணை குறித்து எழுதிக்கொள்வதைப் பற்றியே பேசுகிறது. தேதியை எழுதிக் கேட்பது எதிரில் இருப்பவரைச் சந்தேகிப்பது ஆகாது. நம்மில் பலர் கூச்சப்பட்டுக் கேட்காமல் விடுவதால் இதைச் சொல்கிறேன்.

தாமதம் எங்கே பிறக்கிறது?

எல்லாத் தாமதமும் ஏஜென்டின் அலட்சியம் அல்ல. சில நம் பக்கம் இருந்தே வருகின்றன. அவற்றை முன்கூட்டியே சரிசெய்துவிடலாம்.

1. வாடகை உரிமைச் சோதனை: வீட்டில் குடியிருக்கப் போகும் 18 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் இது உண்டு. இ-விசா உள்ளவர்கள் அரசு இணையதளத்தில் ஷேர் கோடு எடுத்துத் தர வேண்டும். அது 90 நாட்கள் செல்லும். வாடகைக்கான கோடு ஆங்கில எழுத்து 'ஆர்' இல் தொடங்கும். வேலைக்காக எடுத்த 'டபிள்யூ' கோடைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் நாட்கள்தான் வீணாகும். மனைவிக்கும் தனிக் கோடு தேவை.

2. வேலை, வருமானச் சரிபார்ப்பு: சரிபார்க்கும் நிறுவனம் நம் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பும். பெரிய அலுவலகங்களில் அது யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். பணியாளர் பிரிவில் ஒருவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, பணி நியமனக் கடிதம் ஆகியவற்றை ஒரே கோப்பாக முதல் நாளே கொடுங்கள்.

3. ஜாமீன்தாரர்: புதிதாக வந்தவருக்கு அங்கே கடன் வரலாறு இருக்காது. அதனால் ஜாமீன்தாரர் கேட்பார்கள். முன்பெல்லாம் ஆறு மாத வாடகையை முன்கூட்டிக் கட்டிச் சமாளித்தார்கள். வாடகைதாரர் உரிமைகள் சட்டத்தின்படி 2026 மே 1 முதல் தொடங்கும் குடித்தனங்களுக்கு, குடிபுகும் முன் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வாடகை எதுவும் வாங்கக் கூடாது. ஆகவே ஜாமீன்தாரரை முன்பே பேசி வைப்பது நல்லது. ஜாமீன் கையெழுத்து என்பது கஃபாலத். வாடகை நின்றால் அவர் கட்ட வேண்டும். எதற்குக் கையெழுத்திடுகிறார் என்பதை அவருக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

4. உண்மையைச் சொல்வது: மூன்று பிள்ளைகளை இரண்டு என்பதும், பின்னால் வரப்போகும் தாயாரை மறைப்பதும் வேண்டாம். மார்க்கத்தில் அது பொய். சட்டத்தில் அது ஹோல்டிங் டெபாசிட்டை இழக்கக் காரணமாகலாம்.

அவர்கள் பக்கத் தாமதங்கள் வேறு. பழைய குடித்தனக்காரர் காலி செய்திருக்க மாட்டார். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் கையெழுத்திட்டிருக்க மாட்டார். ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய எரிவாயுப் பாதுகாப்புச் சான்றிதழோ, ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் மின்சாரச் சோதனை அறிக்கையோ முடிந்திருக்காது. இந்த இரண்டும் பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை. இவற்றுக்காக இரண்டு நாள் காத்திருப்பது நமக்கே நல்லது.

நாளை, நாளை என்று இழுத்தால்

போனில் பேசுங்கள், தவறில்லை. ஆனால் பேசி முடித்த அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அதில் இந்த விஷயங்கள் போதும்: ஹோல்டிங் டெபாசிட் எவ்வளவு, எந்த நாளில் கட்டினோம், நாம் கொடுத்த ஆவணங்கள் எவை, இன்னும் பாக்கி இருப்பது என்ன, அது யாரிடம் நிற்கிறது, ஒப்பந்தமும் சாவியும் எந்தத் தேதியில். "எந்தத் தேதி" என்ற கேள்விக்குத் தேதியாகவே பதில் கேளுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். மரியாதையாக, இரண்டு நாளுக்கு ஒருமுறை கேட்டால் போதும்.

பழைய வீட்டைப் பற்றியும் யோசியுங்கள். புதிய சட்டத்தில் வாடகைதாரர் பொதுவாக இரண்டு மாத நோட்டீஸ் தர வேண்டும். காலி செய்யும் நாளும் குடிபுகும் நாளும் ஒன்றாக அமையும்படி திட்டமிடாதீர்கள். முடிந்தால் ஒரு வாரமாவது இரண்டு வீடும் கையில் இருக்கட்டும். அந்த ஒரு வார வாடகை, விடுதிச் செலவையும் பிள்ளைகளின் அலைச்சலையும் விடக் குறைவு.

கையெழுத்தான பின்னும் சாவி வராவிட்டால்

ஒப்பந்தம் கையெழுத்தாகி, அதில் குறித்த நாளும் வந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. அன்று முதல் வீடு நமக்கு உரியது. சாவி தராத நாட்களுக்கு வாடகை கேட்பது சரியல்ல. அந்த நாட்களில் நியாயமாக ஆன தங்கும் செலவு, சாமான் வைக்கும் செலவு ஆகியவற்றை உரிமையாளரிடம் கோரலாம். எல்லா ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

வீட்டுக்காகக் கட்டும் பெரிய டெபாசிட், ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைந்த வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் கூடாது. மேலே சொன்ன உதாரணத்தில் 1500 பவுண்டு. அதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த காப்புத் திட்டம் ஒன்றில் சேர்த்து, நமக்கு விவரம் தர வேண்டும்.

புகார் எங்கே?

ஏஜென்ட் ஒவ்வொருவரும் ஒரு குறைதீர்ப்புத் திட்டத்தில் உறுப்பினராக இருந்தாக வேண்டும். 'த ப்ராப்பர்ட்டி ஆம்புட்ஸ்மன்', 'ப்ராப்பர்ட்டி ரெட்ரஸ்' ஆகிய இரண்டில் ஒன்று அது. முதலில் ஏஜென்டிடமே எழுத்தில் புகார் செய்யுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால் அங்கே கொண்டு போகலாம். வாடகைதாரருக்குக் கட்டணம் இல்லை. ஹோல்டிங் டெபாசிட்டைச் சட்டத்துக்கு மாறாகப் பிடித்துக்கொண்டால், உள்ளூர் கவுன்சிலின் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவிடமும் சொல்லலாம். 'ஷெல்ட்டர்', 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' ஆகிய அமைப்புகள் இலவசமாக ஆலோசனை தருகின்றன.

அந்தச் சகோதரர் பின்னர் வேறு ஊருக்கு மாறினார். இந்த முறை பணம் கட்டிய அன்றே கெடு நாளைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியதாகச் சொன்னார். பன்னிரண்டாம் நாள் ஒப்பந்தம் வந்தது. இந்த விவரங்களை அங்கே இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் உறவினர்களுக்கும் அனுப்பி வையுங்கள். வாக்குக் கொடுப்போரும் வாக்குப் பெறுவோரும் நேர்மையாக நடக்க வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.