நூல் நகரத்தின் இரும்பு நீரூற்று

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்கு அருகே உள்ள பெய்ஸ்லி என்ற ஊரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால், மேலைநாட்டார் அவ்வூரின் பெயரிட்டு அழைக்கும் கோலத்தை நாம் மாங்காய் டிசைன் என்று தலைமுறை தலைமுறையாக உடுத்தி வருகிறோம். காஷ்மீர்ச் சால்வைகளைப் பார்த்து பெய்ஸ்லி நெசவாளர்கள் 19ஆம் நூற்றாண்டில் அக்கோலத்தைத் தறியில் ஏற்றினார்கள். சால்வை வணிகம் நொடித்த பிறகு ஊரைத் தாங்கியது தையல் நூல். அந்த நூலின் கதை முன்பே தொடங்கிவிட்டது. 1806இல் நெப்போலியன் பிரிட்டனுடனான வணிகத்தைத் தடைசெய்தபோது பட்டு வரத்து அற்றுப்போயிற்று. தறியின் விழுதுகளுக்கு வேண்டிய பட்டிழைக்கு ஈடாக, வழவழப்பான பருத்தி நூலை முறுக்கியெடுக்க வழிகண்டது அவ்வூரின் கிளார்க் குடும்பம். அடுத்து எழுந்தது கோட்ஸ் குடும்பம். அவர்களின் 'ஜே அண்ட் பி கோட்ஸ்' நூற்கண்டு உலகெங்கும் சென்றது. மதுரை மக்கள் ஹார்வி மில் என்று சொல்லும் மதுரா மில்ஸ், 1974இல் அந்நிறுவனத்தின் இந்தியக் கிளையோடு இணைந்துதான் மதுரா கோட்ஸ் ஆயிற்று.

அக்குடும்பத்தைச் சேர்ந்த தாமஸ் கோட்ஸ், லவ் தெருவில் இருந்த பழைய தோட்டம் ஒன்றை வாங்கிச் சீர்ப்படுத்தி, 1868 மே 26 அன்று ஊருக்குக் கொடையாகத் திறந்துவைத்தார். பெய்ஸ்லியின் முதல் பொதுப்பூங்கா அதுதான். நடுவே நிற்கும் பெரிய வார்ப்பிரும்பு நீரூற்றை வைத்து அதற்கு நீரூற்றுப் பூங்கா என்றே பெயர் நிலைத்தது.

நீரூற்றை வார்த்தது கிளாஸ்கோவில் ஜார்ஜ் ஸ்மித் நடத்திய சன் பவுண்டரி. அக்காலத்தில் கிளாஸ்கோ வார்ப்பாலைகள் விளக்குத்தூண், வேலி, இசைமண்டபம் என அனைத்தையும் படப்பட்டியலில் அச்சிட்டுக் கடல் கடந்தும் விற்றன. பெய்ஸ்லி நீரூற்றைக் காணும்போது பட்டியல் பொருளைக் காணும் எண்ணமே எழாது. அடித்தொட்டியில் நீண்ட தந்தங்களோடு உயிரளவு வால்ரஸ்கள்; மேலே நாரைகள், டால்பின்கள், முதலைகள், குழந்தை உருவங்கள். உறைபனிக் கடலின் விலங்கையும் வெப்பநாட்டு முதலையையும் ஒரே நீரில் சேர்த்துவைத்த அந்தக் கற்பனைத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வார்ப்பிரும்பில் 2 முதல் 4 விழுக்காடு வரை கரிமம் உண்டு. அதனால் அது எளிதில் உருகும். மணல் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் பாய்ந்து இறகின் கோட்டைக்கூட அப்படியே வாங்கிக்கொள்ளும். நொறுங்கும் தன்மையைத் தருவதும் அதே கரிமம்தான். மேலிருந்து அழுத்தும் சுமையை அது நன்கு தாங்கும், இழுவிசையைத் தாங்காது. இத்தகைய நீரூற்று பல துண்டுகளாக வார்க்கப்பட்டு, போல்ட்டுகளால் பிணைக்கப்படுவது. நோய் தொடங்குவது இந்த இணைப்புகளில். உள்ளே நீர் கசிந்தால் போல்ட் துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அது நெம்பும் விசையில் வெளியே நிற்கும் வார்ப்பு விண்டுவிடும். குளிர்காலத்தில் பொந்துகளில் தேங்கிய நீர் உறைந்து விரிவதும் அவ்வாறே செய்யும். பார்வைக்குக் கட்டுக்கோப்பாக நிற்கும் நீரூற்றின் உள்ளுறுதி எப்போதோ போயிருக்கும். ஆகவே நின்ற இடத்திலேயே சுரண்டி வண்ணமடிப்பதைப் புதுப்பித்தல் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெய்ஸ்லி நீரூற்றைப் புதுப்பித்தபோது அப்படிச் செய்யவில்லை. துண்டு துண்டாகப் பிரித்து, பட்டறைக்குக் கொண்டுபோய், செம்மையாக்கி மறுபடி பொருத்தினார்கள்.

உடைந்த துண்டுக்கு மாற்று வார்ப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உருகிய இரும்பு குளிரும்போது ஏறத்தாழ 1 விழுக்காடு சுருங்கும். எஞ்சிய பழைய துண்டையே மணலில் பதித்து அச்செடுத்தால், ஒரு மீட்டர் நீளத் துண்டு ஒரு சென்டிமீட்டர் குறைந்து வரும். போல்ட் துளைகள் எதிர்த் துளைகளோடு சேரா. அதனால் மாதிரியை அந்தச் சுருக்கத்துக்கு ஈடாகச் சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும். கோயம்புத்தூர் பவுண்டரிகளில் பேட்டர்ன் செய்வோருக்கு இது அன்றாடக் கணக்கு.

நிறத்துக்கு வருவோம். நீரூற்றின் மேல் ஆண்டாண்டாக ஏறிய பூச்சுகள் மரத்தின் வளையங்களைப் போல அதன் வரலாற்றைச் சுமந்திருக்கும். மழையும் தூரிகையும் எட்டாத இடுக்குகளில் சிறு பொருக்குகளை எடுத்துப் பிசினில் பதித்து, குறுக்காகத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்தால் அடுக்குகள் தெரியும். இரும்பை ஒட்டிய காப்புப் பூச்சுக்கு மேலே இருப்பது முதல் அலங்கார நிறம். பழைய பூச்சை முற்றாக நீக்கிவிட்டால் இந்தச் சான்று திரும்பக் கிடைக்காது. எனவே ஆய்வு முதலில், சுத்தம் பிறகு. விக்டோரியா காலத்து இரும்பு என்றாலே கரும்பச்சையோ கருப்போ என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெய்ஸ்லியில் கிடைத்த சான்று பலநிறத் திட்டத்தைக் காட்டியது. அதையே திரும்பத் தீட்டினார்கள்.

அது கண்ணுக்குப் பகட்டாக இருக்கிறது என்பார் இருக்கலாம். நான் அவர்கள் பக்கம் இல்லை. வால்ரஸும் நாரையும் வேறுவேறு உயிர்கள் என்று காட்டத்தான் வார்த்தவர்கள் வேறுவேறு நிறம் தந்தார்கள். ஒரே நிறத்தில் மூழ்கடித்தால் உருவங்கள் ஒன்றோடொன்று குழம்பிப்போகும். செதுக்கிய உழைப்பில் பாதி கண்ணில் படாது. நம் ரசனைக்காக அவர்களின் ரசனையைத் திருத்தும் உரிமை புதுப்பிப்பவருக்குக் கிடையாது.

2014இல் நீரூற்று மறுபடி இயங்கியது. ஸ்காட்லாந்தின் காப்புப் பட்டியலில் உயர்ந்த ஏ வகுப்பில் அது இடம்பெற்றிருக்கிறது. இனி ஆண்டுதோறும் இணைப்புகளைச் சரிபார்ப்பதும், பூச்சு உரிந்த இடத்தைத் துரு பிடிக்குமுன் அடைப்பதும், உறைபனிக்கு முன்பே குழாய்களில் நீரை வடிப்பதும் வேண்டியிருக்கும்.