கலவை (வேதியியல்)

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பொருள்கள், தமக்குள் வேதிவினை புரியாமல், நிலையான விகிதம் ஏதுமின்றிச் சேர்ந்திருப்பது கலவை எனப்படும். ஒவ்வொரு கூறும் தன் வேதிப்பண்பை இழப்பதில்லை. காற்று, கடல்நீர், பால், பித்தளை ஆகியவை கலவைகள்.

சேர்மமும் கலவையும்

இரும்புத் தூளையும் கந்தகப் பொடியையும் கலந்து, காந்தத்தை அருகே கொண்டுசென்றால் இரும்பு மட்டும் ஒட்டிக்கொள்ளும்; மஞ்சள் கந்தகம் தட்டில் தங்கும். அதே கலவையைச் சூடேற்றினால் தணல்போல் ஒளிர்ந்து, கருநிற இரும்பு சல்பைடு என்னும் சேர்மமாக மாறும். அதன்பின் காந்தத்தால் இரும்பைப் பிரித்தெடுக்க இயலாது. சேர்மத்தில் தனிமங்களின் எடை விகிதம் மாறாது என 1790களில் பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசப் புரூஸ்ட் வாதிட்டார். கரைசல்களையும் உலோகக்கலவைகளையும் சேர்மங்களாகவே கருதிய வேதியியலாளர் பெர்த்தோலே அதை மறுத்தார். பல ஆண்டுகள் நீடித்த இந்த விவாதத்தில்தான் சேர்மத்துக்கும் கலவைக்கும் இடையிலான எல்லை தெளிவானது.

வகைகள்

எப்பகுதியை எடுத்தாலும் இயைபு ஒன்றாகவே இருந்தால் அது ஒருபடித்தான கலவை. உப்புக் கரைசலும், நைட்ரஜன் 78%, ஆக்சிஜன் 21%, ஆர்கான் 0.93% கொண்ட உலர்காற்றும் இவ்வகை. மணலும் நீரும் போல இடத்துக்கு இடம் வேறுபடுவது பலபடித்தான கலவை. பால் போன்ற கூழ்மங்கள் கண்ணுக்கு ஒரே சீராகத் தெரிந்தாலும், அவற்றின் துகள்கள் ஒளிக்கற்றையைச் சிதறடிக்கின்றன. டிண்டால் விளைவு எனப்படும் இது உண்மைக் கரைசலில் புலப்படுவதில்லை.

பிரித்தல்

கூறுகளின் இயற்பண்புகளில் உள்ள வேறுபாடே பிரிக்கும் முறையைத் தீர்மானிக்கிறது. துகளின் அளவு வேறுபட்டால் வடிகட்டலாம். கொதிநிலை வேறுபட்டால் காய்ச்சி வடிக்கலாம். திரவக் காற்றில் நைட்ரஜன் −196° செல்சியஸிலும் ஆக்சிஜன் −183° செல்சியஸிலும் கொதிப்பதால், பின்னக் காய்ச்சி வடித்தல் மூலம் இரண்டும் பிரிக்கப்படுகின்றன.

தூத்துக்குடி உப்பளங்களில் பயன்படுவது கரைதிறன் வேறுபாடு. வெயிலில் உப்புநீர் வற்றி அடர்த்தியாகும்போது முதலில் கால்சியம் கார்பனேட்டும், அடுத்து ஜிப்சமும் படிகின்றன. கடல்நீர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுண்டியபின்பே சோடியம் குளோரைடு படிகமாகத் தொடங்கும். ஆகவே ஜிப்சம் படிந்த நீரை வேறு பாத்திக்கு மாற்றி, அங்கே உப்பை விளையவிடுகிறார்கள். மெக்னீசியம் உப்புகள் மிகுந்த கசப்பு நீர் இறுதியில் வெளியேற்றப்படுகிறது; அதையும் வற்றவிட்டால் உப்பில் கசப்பேறிவிடும்.

இம்முறைகளுக்கும் வரம்பு உண்டு. எத்தனாலும் நீரும் சேர்ந்த கரைசலைச் சாதாரண அழுத்தத்தில் எத்தனை முறை காய்ச்சி வடித்தாலும் எத்தனால் சுமார் 95.6 எடை விழுக்காட்டைத் தாண்டாது. அந்த அளவில் ஆவியின் இயைபும் திரவத்தின் இயைபும் ஒன்றாகிவிடுகின்றன. எஞ்சிய நீரை அகற்ற மூலக்கூறு சல்லடை போன்ற வேறு வழிகள் தேவைப்படுகின்றன.