பியானோவின் உயிரொலியைத் தேடி



எங்கள் தமிழ்ப்பள்ளியில் பியானோ இல்லை. ஆண்டு நிறைவு விழாவின் குழுப்பாடலுக்குரிய பின்னணி இசையை, மின்விசைப்பலகையைக் கணினியோடு இணைத்து, வீட்டிலேயே நான் பதிவு செய்வது வழக்கம். ஓராண்டு அப்பதிவைக் கேட்ட நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, "ஐயா, இது கைத்தொலைபேசி மணி மாதிரி இருக்கு," என்றாள். மற்றப் பிள்ளைகளும் அவ்விசையோடு ஒட்டாமல் விறைப்பாகவே பாடினர். குறை எங்கே உள்ளது என்று தேடப் புகுந்த நான், பியானோவின் வரலாற்றையே படிக்க நேர்ந்தது.

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் மெடிசி அரச குடும்பத்தின் இசைக்கருவிகளைப் பேணிவந்தவர் பார்த்தொலோமியோ கிறிஸ்தோஃபோரி. அக்காலத்து ஹார்ப்சிகார்டில் விசையை அழுத்தினால் சிறு அலகு ஒன்று தந்தியை மீட்டும். விரல் மெல்லப் பட்டாலும் வலிந்து பட்டாலும் ஒலியின் அளவு பெரிதாக மாறாது. கிறிஸ்தோஃபோரி அலகுக்குப் பதிலாக, தந்தியைத் தட்டிவிட்டு உடனே விலகும் சுத்தியலை அமைத்தார். மெடிசி குடும்பத்தின் 1700ஆம் ஆண்டு இருப்புப் பட்டியலில் இப்புதுக்கருவி இடம்பெற்றுள்ளது. 'மென்மையும் வன்மையும்' எனப் பொருள்படும் அதன் இத்தாலியப் பெயரே பின்னர்ப் 'பியானோ' எனச் சுருங்கியது. 1720இல் அவர் செய்த பியானோ ஒன்றை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

இன்றைய கிராண்ட் பியானோவில் 88 விசைகளும் இருநூறுக்கும் மேற்பட்ட தந்திகளும் உள்ளன. கால்மிதியை அழுத்தினால் தந்திகளை அடக்கிவைக்கும் கட்டைகள் யாவும் உயர்கின்றன. அப்போது ஒரு விசையைத் தட்டினாலும் தட்டப்படாத தந்திகள் உடன் அதிர்கின்றன. வலிந்து தட்டும்போது ஒலி பெருகுவதோடு அதன் நிறமும் மாறுகிறது. மின்கருவிகளுக்குக் கைவராமல் போனவை இவையே.

1983இல் வந்த மிடி முறை, விசை அழுத்தப்படும் வேகத்தை 127 படிகளாகக் குறித்தது. பாடகர் ஸ்டீவி வொண்டரின் ஏக்கத்தைக் கேட்ட ரே கர்ஸ்வைல், மெய்யான பியானோவின் ஒலிப்பதிவுகளைச் சில்லுகளில் அடக்கி, 1984இல் 'கர்ஸ்வைல் 250' என்னும் கருவியை வெளியிட்டார். அந்நாளில் நினைவகம் விலை மிகுந்தது. ஆகவே ஒரே பதிவை அண்டை விசைகளுக்கும் நீட்டிப் பயன்படுத்தினர். 1998இல் வந்த கிகாசாம்ப்ளர் மென்பொருள், பதிவுகளை வன்தட்டிலிருந்து நேரடியாக ஒலிக்கச் செய்தது. அதனால் ஒவ்வொரு விசைக்கும் பல வன்மைகளில் நீண்ட பதிவுகளை வைக்க முடிந்தது. 2006இல் பிரான்சு நாட்டிலிருந்து வந்த பியானோடெக், பதிவுகளையே கைவிட்டுத் தந்தியின் அதிர்வைக் கணிதத்தால் அப்போதைக்கப்போது உருவாக்கியது.

இவற்றைப் படித்தபின் என் பழைய பதிவை மீண்டும் கேட்டேன். தவறுகள் தெளிவாயின. விசைப்பலகையின் உள்ளொலியையே நம்பியிருந்தேன். கால்மிதியைத் தொடவே இல்லை. எதிரொலி சிறிதும் இல்லாததால், இசை அறையில் ஒலிப்பதுபோல் தோன்றவில்லை. மென்பொருளை மாற்றினேன், கால்மிதி ஒன்றை வாங்கினேன், சிறிய மண்டபத்தின் எதிரொலியை அளவாகச் சேர்த்தேன். ஒலி பெரிதும் தேறியது. ஆயினும் உயிர் வரவில்லை.

இறுதித் தவறு என்னுடையது. பிழையின்றி இருக்கவேண்டும் என்று எண்ணி, வாசித்து முடித்ததும் எல்லாச் சுரங்களையும் கணினியைக் கொண்டு தாளக்கட்டில் நேராக நிறுத்தி, அவற்றின் வன்மையையும் சமமாக்கியிருந்தேன். கிறிஸ்தோஃபோரி அரும்பாடுபட்டுப் பெற்றுத் தந்த விரலின் வேறுபாட்டை நான் ஒரு பொத்தானால் அழித்துவிட்டேன்! மறுமுறை வாசித்தபோது எதையும் திருத்தவில்லை. ஈரிடங்களில் விரல் சற்றுத் தயங்கியதும் அப்படியே இருக்கட்டும் என விட்டுவிட்டேன்.

அடுத்த பயிற்சியில் அதே மாணவி கேட்டாள்: "ஐயா, இது யார் வாசிச்சது?"

முந்தைய பதிவையும் நான்தான் வாசித்தேன். ஆனால், அதை ஓர் ஆள் வாசித்திருக்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கதை சொல்லும் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கும்போதும் ஏற்ற இறக்கம் அனைத்தையும் நாமே வகுத்து, எல்லாரையும் ஒரே குரலாக்கிவிடுகிறோமோ என்று அன்றுமுதல் எண்ணிப் பார்க்கிறேன். நீங்களும் எண்ணிப் பாருங்கள்.