ஆன்டிடிரஸ்ட்

முற்றுரிமைத் தடுப்புச் சட்டத்தைக் குறிக்கும் ‘ஆன்டிடிரஸ்ட்’ என்னும் அமெரிக்கச் சொல்லில் உள்ள ‘டிரஸ்ட்’, நம்பிக்கை என்னும் பொதுப்பொருளில் வந்ததன்று; பல நிறுவனங்களின் பங்குகளைப் பொறுப்பாளர் குழு ஒன்றிடம் ஒப்படைத்து, போட்டியாளர்களை ஒரே ஆளுகையின்கீழ்க் கொணரும் அமைப்பையே அது சுட்டும். ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் 1882இல் இவ்வடிவை மேற்கொண்டது. இத்தகைய கூட்டுகளுக்கு எதிராக 1890இல் ஷெர்மன் சட்டம் இயற்றப்பட, அப்பெயர் நிலைத்தது. கண்டுபிடித்தவருக்குக் குறித்த காலம்வரை தனியுரிமை தரும் காப்புரிமையோ சட்டமே வழங்கும் முற்றுரிமையாதலால், அதுவும் முற்றுரிமைத் தடுப்புச் சட்டமும் மோதுவது இயல்பே. ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தின் மீதான முற்றுரிமைத் தடுப்பு வழக்கு 1956இல் இணக்கத் தீர்ப்பால் முடிந்தபோது, டிரான்சிஸ்டர் உட்பட அதன் பெல் ஆய்வகத்தின் அதுவரையிலான காப்புரிமைகளைப் பிறருக்குப் பெரும்பாலும் கட்டணமின்றி வழங்க நேர்ந்தது. அமெரிக்க மின்னணுத் தொழிலில் புதிய நிறுவனங்கள் தழைக்க இத்தீர்ப்பு பெருந்துணை புரிந்தது.